நீலப் புத்தகம் இந்த மேஜைக்கு வராது

எங்கள் ஊரில் யாருக்காவது அறுபது வயதானால் நாளிதழில் ஒரு சின்னப் படமும் பத்து வரியும் போடுவார்கள். போன வாரம் என் அண்ணி ராகேலுக்குப் போட்டிருந்தார்கள். சாந்த குணம் கொண்டவராம். காகிதக் கூழ் ஆலையின் கேன்டீனில் நெடுங்காலம் பணியாற்றியவராம். ஆலைத் தொழிற்சங்கத் தலைவர் எவர்ட்டின் துணைவியாம். அவர் சுடும் லவங்கப்பட்டை ரொட்டி சுற்றுவட்டாரத்தில் பிரசித்தமாம்.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறான். என் அண்ணன் எவர்ட் எடுத்திருக்கிறான். அவன் சொன்னதை இவன் அப்படியே இறக்கி வைத்துவிட்டான். ரொட்டியாம் ரொட்டி! ராகேலுக்கு ரொட்டி சுடுவதே பிடிக்காது. கேன்டீனில் நின்று நின்று அடுப்பைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சாந்தம் என்பது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே கிடையாது. இதையெல்லாம் யாராவது ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டாமா? நான் சொல்கிறேன். தபால் நிலையத்து கவுண்டரில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் கேட்டவள் நான். அவள் கதையை மட்டும் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

ராகேல் பெந்தெகொஸ்தே சபைக் குடும்பத்துப் பெண். வீட்டில் இருந்தது ஒரே ஒரு புத்தகம்; அது எந்தப் புத்தகம் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்து நூலகத்திலிருந்து ஒரு கடற்பயணக் கதையைக் கொண்டுவந்திருக்கிறாள். அவள் அப்பா அதை வாங்கி, மூடி திறந்திருந்த அடுப்புக்குள் போட்டுவிட்டார். கோபத்தில்கூட இல்லை, விறகு போடுவதைப் போலப் போட்டார் என்பாள். "அந்தக் கப்பல் ஊர் போய்ச் சேர்ந்துச்சான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது குட்ருன்" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள்.

அப்படிப்பட்டவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது முதலில் பார்த்தது என் அண்ணனின் புத்தக அலமாரியைத்தான். சுவர் முழுக்கப் புத்தகம். நல்ல இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்தாளாம். பாவம்.

அண்ணன் நடத்திய படிப்பு வட்டத்தில் நாங்கள் ஐந்து பேர். அண்ணன், அண்ணி, நான், கிரேன் ஓட்டும் ஹோல்கர், கிடங்கில் வேலை பார்க்கும் சிக்ஸ்டன். குளிர்காலம் முழுக்க செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்கத்துக் கட்டடத்தின் மாடி அறையில் கூடுவோம். ஆசிரியர் என்று யாரும் கிடையாது. ஆளுக்கொரு பக்கம் சத்தமாகப் படிக்க வேண்டும், நிறுத்தி வாக்குவாதம் செய்ய வேண்டும், நடுவில் காபி. ஐந்து பேருக்குக் குறைந்தால் வட்டம் இல்லை, அறையும் கிடைக்காது. செப்டம்பரில் முதல் கூட்டத்தில் அந்த வருஷத்துப் புத்தகத்தை முடிவு செய்வோம். வாக்கெடுப்பு கிடையாது. ஐந்து பேரும் சரி என்று சொல்லும்வரை பேசியாக வேண்டும். அதுதான் எங்கள் பெருமை. ஒருத்தரையும் ஒதுக்க மாட்டோம் என்று மார்தட்டிக்கொள்வோம்.

ராகேல் முதல் வருஷம் தலைக்கணக்குக்கும் காபி ஊற்றவும்தான் வந்தாள். அந்தப் பெரிய தாமிரக் கெட்டில் அவளுடையது. பிறகு ஒரு நாள் சிக்ஸ்டனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அவன் பக்கத்தை அவள் படித்தாள். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. விரலை வரியின்மேல் வைத்து, மெதுவாக, ஒரு சொல்லையும் விடாமல் படிப்பாள்.

அண்ணன் எடுத்தது தடிமனான சிவப்புப் புத்தகம். சோஷலிசத்தின் அடிப்படைகள். அதன் முதல் அத்தியாயம் இருக்கிறதே, அதை எழுதியவன் மனுஷனா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். "அஸ்திவாரம் இல்லாம வீடு கட்ட முடியாது" என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் இரண்டு குளிர்காலம் அந்த அத்தியாயத்தில் எங்களை உட்கார வைத்தான். ராகேல் கேன்டீன் வேலை முடித்து வந்து, கண் சொக்கச் சொக்க, விரலை நகர்த்திக்கொண்டே இருப்பாள். புரியாதது தன் தப்பு என்று நினைத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் ஸ்டஃபான் விவகாரம் வந்தது. அவர்களுக்கு ஒரே பிள்ளை. தெற்கே பல்கலைக்கழகத்துக்குப் போனவன், ஒரு கிறிஸ்துமஸுக்கு வலதுசாரி இளைஞர் அணியின் நீல வில்லையைக் கோட்டில் குத்திக்கொண்டு வந்து நின்றான். எங்கள் ஊரில்! பாதிரியார்கூடச் சிவப்புக்கு ஓட்டுப் போடும் ஊரில்!

பன்றித் தொடையை அறுத்துக்கொண்டிருந்த அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அதைக் கழட்டிட்டுச் சாப்பிட உக்காரு."

"ஏன்? இங்க உக்கார கட்சி அட்டை காட்டணுமா?"

"உன் படிப்புக்குப் போற ஒவ்வொரு காசும் இந்தச் சங்கம் போராடி வாங்கினது. தெரியுமாடா உனக்கு?"

"அதையேதான் பால் குடிக்கிற வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். நன்றி சொல்லிச் சொல்லியே வாய் வலிக்குது."

"அப்படின்னா வாயை மூடிக்கிட்டு வெளிய போ."

போய்விட்டான். மறுநாள் ரயிலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அப்பா ஷிஃப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அம்மாவுக்குப் போன் செய்வான். என்ன பேசுவார்கள்? பனி எவ்வளவு விழுந்தது, ஆறு உறைந்துவிட்டதா, அங்கே மழையா. ஒரு நாள் ராகேல் துணிந்து கேட்டுவிட்டாள், அந்தக் கட்சியில் அப்படி என்னடா கண்டாய் என்று. அவன் பெருமூச்சு விட்டு, "உனக்குப் புரியாதும்மா" என்றானாம்.

அன்றைக்கு அவள் என் கவுண்டருக்கே வந்துவிட்டாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

"புரியாதாம்! எனக்குப் புரியாதாம்! அவனுக்கு நடக்கவும் பேசவும் சொல்லிக் குடுத்தவ நான். இப்ப எனக்குப் புரியாதாம்!"

"ஸ்டாம்ப் வேணுமா அண்ணி?"

"உன் ஸ்டாம்பைத் தூக்கிக் குப்பையில போடு."

செப்டம்பர் வந்தது. அறையில் பச்சை விரிப்பு போட்ட மேஜை. அண்ணன் அதே தடிப் புத்தகத்தை நடுவில் வைத்தான்.

"இந்த வருஷம் இதை முடிச்சிரலாம். முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை பாத்துட்டு..."

"இன்னொரு தடவையா?" ஹோல்கர் நாற்காலியோடு திரும்பினான். கொள்கையில் அவன் அண்ணனைவிடச் சிவப்பு. இருபது வருஷமாக இருவருக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. "அஸ்திவாரம் தோண்டித் தோண்டியே நம்ம காலம் முடிஞ்சிரும் எவர்ட். இந்தா, இதைப் பாரு. ஒல்லிப் புத்தகம். படிச்சு முடிச்ச மறுநாள் ஆலை நம்ம கையில."

"உன் கையில ஆலையா? உன் கிரேனே கோணலாத்தான் போகுது."

"எனக்கு எதுன்னாலும் சரிதான்" என்றான் சிக்ஸ்டன். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொல்வான்.

ராகேல் ரொட்டிக் கூடையின் துணியைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். வலதுசாரிகள் தங்கள் கொள்கையைத் தாங்களே எழுதியது. நகர நூலகத்தில் சொல்லிவைத்து வரவழைத்திருக்கிறாள்.

"இதைப் படிக்கலாம்" என்றாள்.

அண்ணனின் காது மடல் சிவந்தது.

"எடு அதை."

"ஏன்?"

"அது இந்த மேஜைக்கு வராது. இந்தக் கட்டடத்தை ஒவ்வொரு பலகையா எங்க அப்பன் தலைமுறை கட்டினது. அந்த ஆளுங்க புத்தகம் வைக்கறதுக்கா கட்டினாங்க?"

"இதைக் கும்பிடச் சொல்லல எவர்ட். படிக்கலாம்னுதான் சொல்றேன். என் பிள்ளை இதை நம்புறான். ஏன் நம்புறான்னு எனக்குத் தெரியணும்."

"எவர்ட் சொல்றது சரி" என்றான் ஹோல்கர். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வெஷம் வெஷம்தான். நக்கிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இருபது வருஷம் கீரியும் பாம்புமாக இருந்த இரண்டு பேர், ஒரு பெண் புத்தகம் கேட்டதும் ஒரே நிமிஷத்தில் கூட்டாளி ஆகிவிட்டார்கள்! நானும் சிவப்புதான், சாகும்வரை சிவப்புதான். ஆனால் ஒருத்தரையும் ஒதுக்க மாட்டோம் என்று மார்தட்டிய மேஜை இது. ஐந்து பேரும் சரி சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தைப் பார்த்து எத்தனை நாள் பூரித்திருக்கிறேன்! ஒருத்தன் முறைத்தால் போதும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் சமாதானத்துக்கு வந்தான். உண்மையாகவே சமாதானத்துக்குத்தான் வந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். கையில் ஒரு சாம்பல் நிறப் புத்தகம். எங்கள் கட்சிக்காரர் ஒருவர் வலதுசாரிகளைப் பற்றி எழுதியது.

"இந்தா ராகேல். நீ கேட்டதுதான். அவங்க என்ன நம்புறாங்க, ஏன் நம்புறாங்க, எல்லாம் இதுல இருக்கு. எங்கெங்க தப்புன்னும் சேத்தே போட்டிருக்கு. உனக்கும் வேலை மிச்சம்."

முகம் மலர்ந்து நின்றான். இரண்டும் ஒன்றுதான் என்று அவன் மனதார நம்பினான். ஹோல்கர் தலையாட்டினான். சிக்ஸ்டன் சரிதான் என்றான்.

ராகேல் எழுந்தாள்.

"என் பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரன்கிட்டக் கேட்டுக்கச் சொல்றியா?"

"அப்படி இல்ல..."

"எங்க அப்பா அடுப்புல போட்டாரு. நீ வேற அட்டை போட்டுக் குடுக்கிற. அவ்வளவுதான் வித்தியாசம்."

கெட்டிலைத் தூக்கினாள். அதில் காபி தளும்பிக்கொண்டிருந்தது, ஒருத்தருக்கும் ஊற்றவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள். நானும் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்த வருஷம் வட்டம் நடக்கவில்லை. மூன்று பேருக்கு யார் அறை கொடுப்பார்கள்? சங்கத்தை உடைத்தவள் என்று கேன்டீன் வரிசையில் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் கரண்டியில் வந்த உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டே பேசினார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

நீலப் புத்தகத்தை நாங்கள் இருவரும் குடியிருப்பின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறையில் படித்தோம். வீட்டில் வைத்துப் படித்தால் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் முறை வரும் நாளில் இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு, மடிக்கிற மேஜையில் உட்கார்ந்துகொள்வோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அந்தப் புத்தகம் எனக்கு ஆகவே இல்லை. அவளுக்கும்தான். முயல்பவன் உயர்வான், கீழே கிடப்பவன் முயலாதவன் என்று ஒரு அத்தியாயம். ராகேல் எழுந்து இயந்திரத்தை ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஆலை முழுக்க ஆக்கிப் போட்டேன். நான் எங்கடி உயர்ந்தேன்? முதுகுதான் வளைஞ்சுது! இதை எழுதினவன் ஒரு வாளியாவது தூக்கியிருப்பானா?"

"மூடி வெச்சிரு அண்ணி. வேண்டாம்."

"மூடவா? இவனை முழுசாத் திட்டாம மூடவா?"

அப்படித்தான் நகர்ந்தது. பாதிக்கு மேல் ஒரு பக்கம் வந்தது. எந்தக் கூட்டமும், அது எவ்வளவு நல்ல கூட்டமானாலும், ஒரு மனிதன் எதை யோசிக்கலாம் என்று அவனுக்கு அனுமதி வழங்க முடியாது என்று எழுதியிருந்தது. அது என் முறை, நான் படித்தேன். ராகேல் புத்தகத்தை வாங்கி விரல் வைத்து மறுபடி படித்தாள். துணி சுற்றி முடித்து இயந்திரம் நின்றுவிட்டது. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை, கொதித்துக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கு இவங்க எழுதணும்? சொல்லு குட்ருன். இது நம்ம புத்தகத்துல இருந்திருக்கணும். மொத அத்தியாயத்துல இருந்திருக்கணும்! நாம எழுதாம விட்டுட்டோம், என் பிள்ளை அதைத் தேடிக்கிட்டு அங்க போயிட்டான்."

அந்த வாரம் ஸ்டஃபான் போன் செய்தபோது நான் அவள் வீட்டில் இருந்தேன். பனி விழுந்ததா என்று கேட்டிருப்பான் போல.

"பனி கிடக்கட்டும். நாலாவது அத்தியாயத்தை எழுதினவனைக் கூட்டிட்டு வா, எங்க கேன்டீன்ல ஒரு வாரம் நிக்கட்டும்."

நீ அதைப் படித்தாயா என்று கேட்டிருப்பான்.

"ஏன், எனக்குப் புரியாதா? எல்லாம் புரிஞ்சுது. பாதி பொய். ஒரு பக்கம் நல்லாருக்கு, அதையும் சொல்லிடறேன்."

பிறகு வந்ததே சண்டை! இவள் கத்த, அவன் கத்த, எனக்கே ரிசீவரிலிருந்து கேட்டது. அதே கோபத்தோடு போனை வைத்தவள் என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் அப்படி மின்னி நான் பார்த்ததில்லை.

"என்கிட்டக் கத்துனான் குட்ருன்! பெத்தவகிட்ட, கழுதை, அந்தக் கத்து கத்துனான்!"

ஈஸ்டருக்கு வந்தான். வில்லையைக் குத்திக்கொண்டுதான் வந்தான். ஊறவைத்த மீனும் முட்டையும் மேஜையில். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என்னைக் கேட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் ராகேல் அலமாரியிலிருந்து அண்ணனின் தடிச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து வந்து ஸ்டஃபான் முன்னால் வைத்தாள்.

"உன்னுதை நான் படிச்சேன். இப்ப நீ இதைப் படி."

அவன் சிரித்தான். "அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. எங்க புத்தகத்துல ஏழாவது அத்தியாயம் முழுக்க அதைப் பத்தித்தானே? எங்கெங்க தப்புன்னுகூட..."

முடிக்கவில்லை. ராகேல் அந்தப் புத்தகத்தைத் தூக்கி மேஜையில் போட்ட போட்டில் முட்டைக் கிண்ணம் கவிழ்ந்தது.

"அப்பன் மாதிரியே! அச்சு அசல் அப்பன் மாதிரியே! உங்க அப்பா மனசுல என்ன இருக்குன்னு நீயும் பக்கத்து வீட்டுக்காரன்கிட்டத்தான் கேப்பியா? இவரு ஒரு சாம்பல் புத்தகம், உனக்கு ஒரு ஏழாவது அத்தியாயம். நடுவுல நான் ஒருத்தி ரெண்டு பேரையும் எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சாகணும்! தூ! ரெண்டு பேருக்கும் காபி கிடையாது!"

அண்ணன் எழுந்தான். வாசல் பக்கம் போய் பூட்ஸ் மாட்டினான். கோட்டைப் போட்டான். கதவுப் பிடியில் கை வைத்தான். போய்விடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். போகவில்லை, கதவைப் பார்த்தபடியே நின்றான். ஸ்டஃபான் தலை குனிந்து முதல் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"முதல் அத்தியாயத்துல ஆரம்பிக்காதே" என்றான் அண்ணன், கதவிடம் சொல்வதுபோல. ஒன்றேகால் வருஷத்தில் பிள்ளையிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது. "ரெண்டாவதுலேர்ந்து படி. முதல் அத்தியாயம் சுத்த அறுவை. ஒருத்தனுக்கும் புரியாது. எனக்கே புரிஞ்சதில்ல."

ஸ்டஃபான் நிமிர்ந்து அப்பாவின் முதுகைப் பார்த்தான். பிறகு பக்கங்களைத் தள்ளி இரண்டாவது அத்தியாயத்தைத் திறந்தான்.

ராகேல் உருகிப்போயிருப்பாள் என்று நினைத்துத் திரும்பினால், அவள் கெட்டிலைக் கையில் பிடித்தபடி என் அண்ணனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"என்ன சொன்ன? புரிஞ்சதில்லையா? ரெண்டு குளிர்காலம்! ரெண்டு குளிர்காலம் அதுல என்னை உக்கார வெச்சியே, படுபாவி! எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லைன்னு நெனச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா உனக்கு!"

பூட்ஸும் கோட்டுமாக அவன் கதவோடு ஒட்டிக்கொண்டான். ஒரு வாரம் அவள் அவனுக்குச் சோறு போட்டாளே தவிரப் பேசவில்லை.

சாந்த குணமாம்.